கழுத்து தாங்காத கட்டை

தெசிமிரின் துப்பாக்கிக் கட்டை மூன்று முறை உடைந்தது. முதல் இரண்டு முறை யாருக்கும் தெரியாது. மூன்றாவது முறை உடைந்தபோது ஒப்ரேனின் இடது கால் போயிற்று.

சுவோதோல் வேட்டைச் சங்கத்தில் தெசிமிருக்கு ஒரே வேலைதான். மற்றவர்கள் அரைகுறையாகச் சுட்டுவிட்ட காட்டுப்பன்றியைத் தேடிப் போய் முடிப்பது. ஞாயிற்றுக்கிழமை வருகிற முப்பது பேரும் ஆளுக்கோர் இடத்தில் நிற்பார்கள், சுடுவார்கள், சாராயம் குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். வயிற்றில் குண்டோடு முட்புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்ட பன்றி தெசிமிருக்கு. பத்தொன்பது வருடமாக அது அவனுக்குத்தான். ஊரில் அவனுக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. மர அறுவை ஆலையில் இருபத்திரண்டு வருடம் பலகைக்குத் தரம் பார்த்து சுண்ணாம்புக் குறி போட்டான். ஆலையை மூடியபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது. அதன்பின் பிளம் தோட்டம், நான்கு பன்றி, ஒரு மனைவி. பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முப்பது பேர் வாயை மூடிக்கொண்டு அவன் புதருக்குள் போவதைப் பார்ப்பார்கள்.

துப்பாக்கி அவன் தகப்பன் விட்டுப்போன பழைய ராணுவத் துப்பாக்கி. குழல் நன்றாக இருந்தது. அடி வாங்குவதெல்லாம் தோளில் அணைக்கிற மரக் கட்டைதான். ஓடைப் பாறையில் அதை ஊன்றி ஏறுவான். முள்ளை அதனால் அழுத்தி வழி செய்வான். பனியில் சறுக்கினால் அதன் மேலேயே விழுவான். கட்டையில் மெலிந்த இடம் கழுத்து. விசைக்குப் பின்னால் கை சுற்றிப் பிடிக்கிற இடம். உடைந்தால் அங்கேதான் உடையும்.

முதல் முறை ஓடையில் விழுந்தபோது தலைமுடி அளவு விரிசல். பசை ஊற்றி ஒரு பித்தளை ஆணி இறக்கினான். இரண்டாவது முறை யாரோ ஜீப்பின் பின்கதவை அதன் மேல் அடித்துச் சாத்தினார்கள். அதே விரிசல் வாயைத் திறந்தது. மறுபடி பசை, கம்பிச் சுற்று, கறுப்பு நாடா. நாடா தெரியக்கூடாது என்று தோலில் உறை தைத்துக் கழுத்தில் இழுத்துக் கட்டினான். அக்டோபரில் துப்பாக்கிகளைச் சோதிக்கும்போது சங்கத் தலைவர் மிலுதின் அந்த உறையை விரலால் தட்டினார்.

"என்னடா தெசோ, துப்பாக்கிக்கும் குளிருதா?"

"அதுக்கும் வயசாச்சுல்ல தலைவரே."

எல்லோரும் சிரித்தார்கள். உறையை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பருவம் அவனைப் பின்னால் போகிற வேலையிலிருந்து எடுத்திருப்பார்கள். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் உறை.

காயப்பட்ட பன்றியின் பின்னால் இரண்டு பேர் போவது வழக்கம். முன்னால் நாய்க்காரன். அவனிடம் துப்பாக்கி இருக்காது, கையில் நாய்க்கயிறு, இடுப்பில் கத்தி, அவ்வளவுதான். இரண்டு எட்டு பின்னால் துப்பாக்கிக்காரன். நாய்க்காரனின் உயிர் பின்னால் வருகிறவன் கையில். தெசிமிருக்கு முன்னால் பத்தொன்பது வருடமும் நடந்தவன் ஒப்ரேன். ஒப்ரேன் அவனுக்குக் கூம். கல்யாணத்தில் சாட்சி நின்றவன், மகள் யஸ்னாவை ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தியவன். அந்த மலையில் கூடப்பிறந்தவர்கள் வேலித் தகராறில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கூமிடம் யாரும் குரலைக்கூட உயர்த்த மாட்டார்கள். தெசிமிரும் ஒப்ரேனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூமே என்றால் கூமே.

நவம்பரில் ஒரு நாள் மூன்று எட்டுத் தூரத்தில் முட்புதர் திறந்து பன்றி வந்தது. தெசிமிர் சுட்டான். குண்டு முதுகுக்கு மேலே தோலைக் கிழித்துக்கொண்டு போயிற்று. துப்பாக்கி உதைத்த உதையில் கட்டையின் கழுத்து முறிந்தது. தாழை இழுத்து அடுத்த குண்டை ஏற்றப் பார்த்தபோது குழல் ஒரு கையிலும் கட்டை ஒரு கையிலும் இருந்தன. பன்றி கோரைப்பல்லால் ஒப்ரேனின் தொடையில் வேலை செய்துகொண்டிருந்தது. ஒப்ரேன் கத்தவில்லை. "சுடு கூமே" என்றான், சாதாரணமாக, உப்பை எடு என்பதுபோல. பிறகு இன்னொரு முறை சொன்னான். தெசிமிர் குழலைப் பிடித்துப் பன்றியை அடித்தான். நாய்தான் கடைசியில் அதன் காதைப் பிடித்துத் திருப்பிற்று. ஒப்ரேனே கத்தியை இறக்கினான்.

பதினோராவது நாள் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

சங்கத்துக்கு ஒரு நீதிமன்றம் உண்டு. நாயைச் சுட்டவன், நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நகர்ந்தவன், குடித்துவிட்டு வந்தவன், எல்லோருக்கும் அதுதான். குற்றவாளி அன்று விழுந்த பன்றியின் மேல் குப்புறப் படுக்க வேண்டும். மூன்று அடி. தலைவர் ஒன்று, வயதில் மூத்தவர் ஒன்று, கெடுதல் பட்டவர் ஒன்று. கொட்டைமரக் கம்பு. பெரும்பாலும் சிரிப்பும் கூச்சலுமாக முடியும். ஆனால் மூன்றாவது அடி பலமாக விழ வேண்டும். பலமாக விழுந்தால் தீர்ந்தது. அடித்தவனும் வாங்கியவனும் ஒரே கோப்பையில் குடிப்பார்கள், பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது.

ஜனவரியில் ஒப்ரேன் ஊன்றுகோல்களோடு வந்தான். தெசிமிர் படுத்தான். மிலுதின் அடித்தார். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் அடித்தார், வயதுக்கு மீறிய பலத்தோடு. ஒப்ரேன் ஒரு ஊன்றுகோலை மகன் ஸ்தானோயேயிடம் கொடுத்துவிட்டுக் கம்பை வாங்கினான். தெசிமிர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். கம்பு அவன் முதுகில் தொட்டது. தூசி தட்டுவதுபோல.

யாரோ ஒருவன், "கால் போனா கையுமா போகும் ஒப்ரேன்?" என்றான். முப்பது பேர் சிரித்தார்கள்.

"எழுந்திருங்க தெசிமிர்" என்றான் ஒப்ரேன். "தரை சில்லுனு இருக்கு."

கோப்பையை யாரும் கொண்டுவரவில்லை. தெசிமிர் எழுந்து முழங்காலில் ஒட்டிய பன்றி மயிரைத் தட்டினான். எழுந்திருங்க. முப்பத்தோரு வருடத்தில் முதல் முறை.

வசந்தத்தில் அவன் புதுக் கட்டை தேட ஆரம்பித்தான். சங்கம் அவனை விலக்கவில்லை, திரும்ப எடுக்கவும் இல்லை. "ஆகஸ்ட் கூட்டத்துல பேசலாம்" என்று மிலுதின் சொல்லியிருந்தார். பேசுவதற்கு முன்னால் கையில் உடையாத கட்டை இருக்க வேண்டும் என்று தெசிமிர் நினைத்தான். அவனுக்குத் தெரிந்த வழியில் யோசிக்க அதுதான் இருந்தது.

நகரத்துக் கடையில் பிளாஸ்டிக் கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தான். தண்ணீர் பட்டால் ஊறாது, வெயிலில் பிளக்காது. ஆனால் மலிவானதை இரண்டு கையாலும் முறுக்கினால் வளைந்து கொடுத்தது. கிளையில் பட்டால் காலி டப்பா மாதிரி சத்தம் போட்டது. புதரில் படுத்திருக்கும் பன்றிக்கு அந்தச் சத்தம் அழைப்பிதழ். கண்ணாடி இழையில் செய்தது நல்லது. ஆனால் அது அவன் துப்பாக்கிக்குப் பொருந்தும் அளவில் வருவதில்லை. வால்நட் மரம் வேண்டுமானால் அடிமரத்தில் அறுத்த, ரேகை நேராக ஓடுகிற பலகை வேண்டும். முக்கியமாகக் கழுத்தில் ரேகை கழுத்தோடு சேர்ந்து ஓட வேண்டும், குறுக்கே வெளியேறக் கூடாது. அழகான ரேகை என்பது கிளை பிரிகிற கவையிலும் வேரிலும் கிடைப்பது. அழகான ரேகைக்குப் பலம் கிடையாது. தரம் பார்த்த இருபத்திரண்டு வருடமும் அவன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பலகை வாங்க வருகிறவர்கள் அழகானதைத்தான் வாங்கினார்கள்.

கடைசியில் ஒட்டுக்கட்டையை எடுத்தான். பிர்ச் மரத்தை அட்டை மாதிரி மெல்லிசாகச் சீவி, நாற்பது ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை வைத்து அழுத்தியது. சாம்பலும் பழுப்புமாகக் கோடு கோடாக, பார்ப்பதற்குச் சமையலறை மேடை மாதிரி இருந்தது. கனம். ஆனால் ஒரு ஏடு பிளக்க நினைத்தால் பக்கத்து ஏடு விடாது. கொட்டகையில் இரண்டு மாதம் உட்கார்ந்து துப்பாக்கியின் இரும்பை அதில் பொருத்தினான். கழுத்தை இரும்பு இடுக்கியில் மாட்டித் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி ஸ்மிலியா. "பன்னி பாத்தா சிரிச்சே செத்துடும்."

ஆகஸ்ட் கூட்டத்துக்கு அவன் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனான். வெளியே எடுக்க வாய்க்கவில்லை. கொப்பரையில் பீன்ஸும் புகையிட்ட எலும்பும் கொதித்துக்கொண்டிருந்தபோது ஒப்ரேன் வந்தான், பின்னால் ஸ்தானோயே நீளமான ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு. மூட்டையை மேசைமேல் வைத்தார்கள். மாவுச் சாக்கை ஒப்ரேன் மெதுவாக உரித்தான்.

வால்நட். பதினான்கு வருடத்துக்கு முன் ஒப்ரேனின் மாட்டுக் கொட்டகைக்கு இடைஞ்சலாக நின்ற மரம். அதை இருவரும் சேர்ந்து வெட்டியது தெசிமிருக்கு நினைவு வந்தது. பரணில் காய்ந்த பலகை, கட்டையின் உருவத்துக்கே அறுத்துக் கொண்டுவந்திருந்தான். ரேகை தீ எரிவதுபோல மேலே மேலே எழுந்தது. மேசையைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"எனக்கு ஒரு கால் போதும்" என்றான் ஒப்ரேன். "மலை ஏற மாட்டேன். ஆனா என் கூம் ஏறணும். இந்தக் கட்டையோட ஏறட்டும்."

என் கூம் என்றான். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். மிலுதின் மூக்கை உறிஞ்சினார்.

"தீர்ந்தது. அக்டோபர்ல தெசோதான் பின்னால போவான். இதே கட்டையோட. எழுதிக்கோங்க."

தெசிமிர் பலகையைக் கையில் வாங்கினான். பழக்கத்தில் முதலில் கழுத்தைப் பார்த்தான். கவை மரம். ரேகை நான்கு விரல் அகலத்துக்குள் கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேறியது. பழக்கத்தில் அடுத்து முனையைத் திருப்பிப் பார்த்தான். முனையில் சிவப்புச் சுண்ணாம்பில் ஒரு பெருக்கல் குறி.

தெசிமிரே போட்டது. நீலம் என்றால் நல்லது. சிவப்பு என்றால் பாரம் தாங்காது, அலமாரிக் கதவுக்கு வைத்துக்கொள். பதினான்கு வருடத்துக்கு முன் அந்த முற்றத்தில் அவன் குறி போடப்போட ஒப்ரேன்தான் பலகைகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தான். இப்போது ஒப்ரேன் பலகை முழுவதையும் இழைத்திருந்தான். முனையை மட்டும் இழைக்கவில்லை.

தெசிமிர் தலையை நிமிர்த்தினான். ஒப்ரேன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனைப் பார்ப்பதுபோல.

"பிடிச்சிருக்கா கூமே?"

"பிடிச்சிருக்கு கூமே."

சாக்கில் சுற்றிய ஒட்டுக்கட்டையை அவன் மேசைக்கு அடியில் காலால் தள்ளினான்.

வீட்டில் ஸ்மிலியா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகாத்தான்யா இருக்கு. செவுத்துல மாட்டு. காட்டுக்கு நீ செஞ்சத எடுத்துட்டுப் போ."

"கேப்பாங்க."

"கேட்டா சொல்லு. என் கூம் எனக்குப் பாடையில போட விறகு குடுத்தாருன்னு."

"அப்படிச் சொன்னா அந்த வீட்டுப் படி ஏற முடியாது. யஸ்னா கல்யாணத்துக்கு யாரு நிப்பா?"

"ஒத்தக் கால்ல அவருதான் நிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவன் ஒப்ரேன் வீட்டுக்குப் போனான். ஒப்ரேன் முற்றத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தான். மடிந்த கால்சட்டைக் காலை ஊக்கு குத்தி வைத்திருந்தான். தெசிமிர் எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்து தானும் ஒரு கதிரை எடுத்தான். கொஞ்ச நேரம் உதிர்த்தார்கள்.

"அது நான் போட்ட குறி" என்றான் தெசிமிர்.

"பாத்தேல்ல. கண்ணு நல்லா இருக்கு உனக்கு."

"கழுத்துல நிக்காது."

"எத்தன குண்டு தாங்கும்?"

"சொல்ல முடியாது. அஞ்சாவதுல போகலாம். அம்பதுலயும் போகலாம்."

"அப்போ ஒண்ணும் தெரியாது." ஒப்ரேன் கதிரின் சக்கையைக் கோழிகள் பக்கம் எறிந்தான். "உன் முன்னால நடக்குறப்போ எனக்கும் ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியும். அதான் வித்தியாசம்."

"உள்ள ஒரு இரும்புக் கம்பி இறக்குறேன். நீளவாக்குல. வெளிய தெரியாது."

"வெளிய தெரியாம வெக்கிறதுல உன்ன மிஞ்ச ஆள் இல்ல."

தெசிமிர் இன்னொரு கதிரை எடுத்தான்.

"கம்பி போடு, யாரு வேண்டாங்கறா. ஆனா போட்டா எல்லார் முன்னாடியும் சொல்லு. என் கூம் குடுத்த கட்ட ஆகாது, அதான் போட்டேன்னு. இல்ல, அந்தச் சமையக்கட்டு மேடைய மாட்டிக்கோ, அதையும் சொல்லு. மேசைக்கு அடியில சாக்கு விலகி நானும் பாத்தேன்."

"ரெண்டும் இல்லாம போனா?"

"போனா நீ என் கூம். இதுவரைக்கும் நான் போன மாதிரி நீயும் போற. முடிஞ்சுது."

உள்ளேயிருந்து ஒப்ரேனின் மனைவி காப்பி கொண்டுவந்தாள். யஸ்னாவுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டாள். அடுத்த கோடையில் என்றான் தெசிமிர். காப்பி நன்றாக இருந்தது.

அவன் கம்பி போடவில்லை. செப்டம்பர் முழுக்கச் செதுக்கினான். கழுத்தைத் துணிந்த மட்டும் பருமனாக விட்டான். முனையை மூடும் அடித்தகட்டைப் பொருத்தும்போது அங்கே இருந்த சிவப்புக் குறியை இழைக்க உளியை எடுத்தான், பிறகு கீழே வைத்துவிட்டான். குறியின் மேலேயே பித்தளைத் தகட்டை வைத்து இரண்டு திருகாணி முடுக்கினான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. குறி பார்க்க மூன்றே முறை சுட்டான். ஒவ்வொன்றுக்கும் பிறகு கழுத்தை நகத்தால் தடவினான். விரிசல் இல்லை. மூன்று போயிற்று, என்று மட்டும் நினைத்தான்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு முதல் வேட்டை. துப்பாக்கிச் சோதனையில் எல்லோரும் அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

"இத வெச்சு பன்னியச் சுடுறதா, பொண்ணு கேக்கப் போறதா?"

"தெசோ, வெயிட் பண்ணு, என் பொண்டாட்டிக்கு ஒரு போட்டோ எடுத்துக்குறேன். துப்பாக்கிய மட்டும். நீ தள்ளு."

ஒப்ரேன் சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

பதினொரு மணிக்கு நகரத்திலிருந்து வந்த பல் மருத்துவர் ஒருவர் ஒரு பெரிய ஆண் பன்றியின் வயிற்றில் சுட்டார். சுட்டவர் நன்றாகத்தான் சுட்டதாகச் சொன்னார். இலைகளில் பச்சையும் கறுப்புமாகக் குடல் சரக்கு கிடந்தது. பன்றி பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால் முட்காட்டுக்குள் போய்விட்டது. எல்லோரும் கட்டடத்துக்கு முன்னால் கூடினார்கள். ஒரு மணி நேரம் விட்டுத்தான் போக வேண்டும். காயம் இறுகட்டும், பன்றி படுக்கட்டும்.

"தெசோ துப்பாக்கி" என்றார் மிலுதின். "நாய் யாரு?"

ஒப்ரேனின் இடத்துக்கு யாரையும் இதுவரை போட்டிருக்கவில்லை. தெசிமிர் இரண்டு மாதமாகத் தன் காலைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தான். முன்னால் ஒருவன் நடக்க வேண்டும் என்பதையே மறந்திருந்தான். ஒப்ரேனும் மறந்திருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஸ்தானோயே ஏற்கெனவே நாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவோட நாய், அப்பாவோட இடம்" என்றான் ஸ்தானோயே. இருபத்தெட்டு வயது, டிராக்டர் ஓட்டுகிறவன். "நாந்தான் போகணும்."

"பலே" என்றார் மிலுதின். "இதான்டா வீடு."

தெசிமிர் ஒப்ரேனைப் பார்த்தான். ஒப்ரேன் தன் ஊன்றுகோலின் ரப்பர் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு ஓக் இலை ஒட்டியிருந்தது. ஒப்ரேன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையன் வேண்டாம் என்றால் போதும், காரணம்கூட யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு கால் போன வீடு. அல்லது அந்தத் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லலாம். ஒப்ரேன் இலையை விரலால் எடுத்தான். தூரப் போட்டான். வாயைத் திறக்கவில்லை. காதோரம் மட்டும் வெளுத்திருந்தது.

அந்த ஒரு மணி நேரம் முழுக்கத் தெசிமிர் காத்திருந்தான். ஸ்தானோயே ரொட்டி தின்றான். பூட்ஸ் வாரை இறுக்கினான். அப்பாவின் கத்தியை இடுப்பில் செருகினான். "போலாமா சித்தப்பா" என்றான். ஒப்ரேன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"நான் போகல" என்றான் தெசிமிர்.

"என்னது?"

"துப்பாக்கி சரியில்ல. கழுத்து நிக்காது. இத வெச்சுக்கிட்டு யாரையும் முன்னால நடக்க விட மாட்டேன்."

கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு திரும்பினான்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று மிலுதின் கேட்டார்.

"ஆகஸ்ட்லேர்ந்து."

"ஆகஸ்ட்லேர்ந்து." மிலுதின் கையை நீட்டினார். குண்டுகளை வெளியே எடுத்தார். குழலைப் பிடித்துக் கட்டையின் அடியைப் படிக்கல்லில் ஓங்கி இடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

"நிக்குதே" என்றான் யாரோ. "பயந்துட்டான்டா கெழவன்."

சிலர் சிரித்தார்கள். தெசிமிருக்கு ஒரு கணம் தானே தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று இருந்தது. அந்தக் கணம்தான் எல்லாவற்றிலும் மோசம். மிலுதின் மறுபடி இடித்தார். கழுத்து கேரட் மாதிரி முறிந்தது. கட்டையின் பின்பாதி படியில் உருண்டு ஒப்ரேனின் ஒற்றைப் பூட்ஸருகே போய் நின்றது. பித்தளைத் தகடும் இரண்டு திருகாணியும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்ல மரத்தச் செதுக்கிக் கெடுத்துட்டான்" என்றார் எண்பது வயதுக் கிழவர்.

மிலுதின் ஒப்ரேன் பக்கம் திரும்பினார். "நீ குடுத்தப்போ எப்படிப்பா இருந்துது?"

ஒப்ரேன் தகட்டைப் பார்த்தான். தெசிமிரைப் பார்த்தான். மகனைப் பார்த்தான்.

"நான் குடுத்தப்போ நல்லாத்தான் இருந்துது."

ஒரு திருப்புளி போதும். யாருடைய பாக்கெட்டிலும் இருக்கும். இரண்டு ஆணியைக் கழற்றினால் சிவப்புக் குறி. அதற்கு அர்த்தம் சொன்னால், யார் பிரித்து அடுக்கியது என்று சொன்னால், ஒப்ரேன் தன் மகன் முன்னால் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மாட்டான். ஸ்தானோயே கையில் கயிறோடு நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தெசிமிர் குனிந்து பின்பாதியை எடுத்தான். கொப்பரைக்கு அடியில் நெருப்பில் வைத்தான். காய்ந்த வால்நட், நன்றாக எரிந்தது.

பன்றியை மிலுதினும் இன்னொருவனும் போய் முடித்துக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிட வேலை. அது ஏற்கெனவே பாதி செத்திருந்தது. நூற்றி நாற்பது கிலோ. புல்லில் போட்டு வாயில் ஓக் கிளை வைத்தார்கள். நீதிமன்றம் அங்கேயே கூடிற்று. குற்றம் இரண்டு: கெட்ட துப்பாக்கி என்று தெரிந்தும் வேட்டைக்கு வந்தது, கூம் கொடுத்த பரிசைப் பழித்தது. இரண்டாவதுக்குத்தான் அதிகம் உறுமினார்கள்.

தெசிமிர், தான் தேடிப் போகாத பன்றியின் மேல் படுத்தான். சூடு இன்னும் இருந்தது. மிலுதின் அடித்தார். கிழவர் அடித்தார். மூன்றாவது அடிக்கு ஒப்ரேன் வந்தான். இந்த முறை ஊன்றுகோலை யாரிடமும் கொடுக்கவில்லை, கீழே போட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றான். கம்பை இரண்டு கையாலும் பிடித்தான். அடி விழுந்ததில் கம்பு முறிந்தது. ஒப்ரேனும் விழுந்தான். தெசிமிரின் சட்டைக்கு மேலே ரத்தம் வந்தது. முப்பது பேரும் திருப்தியாகக் கூச்சல் போட்டார்கள். இதுதான் அடி. தீர்ந்தது.

கோப்பை வந்தது. பிளம் சாராயம். வழக்கப்படி ஒப்ரேன் முதலில் பாதி குடித்தான். தரையில் இருந்தபடியே கோப்பையை நீட்டினான்.

"குடி கூமே." பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான், "என்னால வாயத் தொறக்க முடியலடா."

தெசிமிர் கோப்பையை வாங்கினான். பன்றியின் விலாவின் மேல் அதைப் பத்திரமாக வைத்தான், சிந்தாமல்.

"நீங்களே குடிங்க ஒப்ரேன்" என்றான். "தரை சில்லுனு இருக்கு, எழுந்திருங்க."

இப்போது தெசிமிர் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றி கலைக்கிறவர்களோடு நடக்கிறான். துப்பாக்கி கிடையாது. ஒரு தகர டப்பாவும் தட்டுவதற்குக் குச்சியும். சங்கம் அவனுக்கு அவ்வளவு விட்டுவைத்தது. யஸ்னாவின் கல்யாணத்தில் சாட்சியாக மாப்பிள்ளையின் அலுவலகத்து ஆள் யாரோ நின்றான். ஒப்ரேன் ஒரு ஆட்டுக்குட்டி அனுப்பினான். ஸ்மிலியா அதைத் திருப்பி அனுப்பினாள். ஸ்தானோயே வழியில் பார்த்தால் டிராக்டரை நிறுத்துவான். நிறுத்திவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் மறுபடி கிளப்பிக்கொண்டு போவான்.

நாற்பது ஏடுகள் ஒட்டிய அந்தக் கட்டையை ஸ்மிலியா பன்றிக் கொட்டிலின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். மழை, பனி, சாணி, உள்ளேயிருந்து நான்கு பன்றிகள் இடிக்கிற இடி, எல்லாம் அதன் கழுத்தில்தான். மூன்று குளிர்காலம் ஆயிற்று. ஒரு மயிரிழைகூட வளையவில்லை.